வளர வளரச் சரியாகிவிடுமா? குழந்தைகளின் வீசிங்கும் ஊதிப் பார்க்கும் சோதனையும்

தங்கை மகளுக்கு அப்போது ஏழு வயது. மூன்றாவது முறையாக ஊதச் சொல்லும்போது டெக்னீஷியன் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். “இழு, இழு, நன்றாக இழு... ஊது! ஊது, ஊது, நிறுத்தாதே, இன்னும், இன்னும்!” அவள் மூக்கில் ஒரு கிளிப், வாயில் அட்டைக் குழல். கழுத்து நரம்பு தெரிய ஊதினாள். கணினித் திரையில் ஒரு பிறந்தநாள் கேக். அதிலிருந்த மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி மெழுகுவத்தியும் அணைந்ததும், வேலை முடிந்தது என்று குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். நுரையீரலில் காற்று இன்னும் மிச்சம் இருந்தது. மொத்தக் காற்றின் கணக்கு சேரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து.

மூன்று வயதிலிருந்தே அவளுக்கு “வீசிங்”. ஆஸ்துமா என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. வீசிங் என்றால் தலையாட்டுகிறவர்கள், ஆஸ்துமா என்றால் முகம் மாறிப்போகிறார்கள். வீசிங் என்பது மூச்சில் கேட்கும் விசில் போன்ற ஓர் ஒலியின் பெயர், ஆஸ்துமா என்பது ஒரு நோயின் பெயர். முன்னது இருந்தால் பின்னதும் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆனாலும் பல வீடுகளில் நோயை மறைக்கும் திரையாகவே அந்த ஒலியின் பெயர் பயன்படுகிறது. (ஒரு காலத்தில் இதே வேலையை “பிரைமரி காம்ப்ளக்ஸ்” என்ற பெயர் செய்தது. அந்தப் பெயரில் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கிய பிள்ளைகள் சிலருக்கு உண்மையில் இருந்தது இந்த இளைப்புதான்.)

அவளுடைய பாட்டி, அதாவது என் அம்மா, ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் முடித்துவைப்பார்: “வளர வளரச் சரியாகிவிடும்.” பாட்டிகள் மட்டும் சொல்வதில்லை, மருத்துவர்களும் சொல்வதுண்டு. இந்த வாக்கியத்தை உரசிப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செலவழித்திருக்கிறார்கள். பாட்டி சொல்வதில் பாதிக்குமேல் உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று புரிந்துகொள்ள, முதலில் ஸ்பைரோமெட்ரி என்ற அந்த ஊதும் சோதனையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

குழாய் சுருங்கினால் என்ன ஆகும்

மூச்சுக்குழல் கிளை கிளையாகப் பிரிந்து மயிரிழை அளவுக்கு மெலிந்துகொண்டே போகிறது. ஆஸ்துமாவில் இந்தக் கிளைகள் மூன்று விதத்தில் குறுகுகின்றன. குழலைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி அடைக்கிறது. கொஞ்சம் குறுகினால் கொஞ்சம்தான் சிரமம் என்று நினைத்தால் தவறு. சீராக ஓடும் காற்றுக்கு, குழலின் ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கு கூடுவதில்லை, பதினாறு மடங்கு கூடுகிறது. இளநீர்க் கடையில் தரும் ஸ்ட்ராவையும் ஜூஸ் பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஸ்ட்ராவையும் அடுத்தடுத்து வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். குழந்தையின் குழல்கள் ஏற்கெனவே சிறியவை. பெரியவருக்கு வெறும் சளியாகக் கடந்து போவது, இரண்டு வயதுக் குழந்தைக்கு விலா எலும்பு உள்ளிழுக்கும் அளவுக்கு மூச்சுத் திணறலாவது இதனால்தான்.

மூச்சை இழுக்கும்போது மார்பு விரிந்து குழல்களையும் சேர்த்து விரிக்கிறது. விடும்போது அவை அமுங்குகின்றன. எனவே ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பதைவிட விடுவதே கடினம். சோதனையிலும் ஊதத்தான் சொல்கிறார்கள்.

1846-இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற அறுவை மருத்துவர், தண்ணீரில் கவிழ்த்து எடை கட்டித் தொங்கவிட்ட ஒரு பாத்திரத்துக்குள் ஆட்களை ஊதச் சொல்லி, வெளிவரும் காற்றை அளந்து அறிக்கை வெளியிட்டார். மாலுமிகள், காவலர்கள், தீயணைப்பு வீரர்கள், மல்யுத்தக்காரர்கள் என இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊதினார்கள். ஒருவர் முழுமூச்சாக எவ்வளவு ஊதுகிறார் என்பது அவருடைய உயரத்தோடு ஒட்டி நடக்கிறது என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. இன்றும் சோதனைக்கு முன் செருப்பைக் கழற்றச் சொல்லி உயரம் அளக்கிறார்களே, அது இங்கிருந்து வருகிறது. அந்த அளவில் இரண்டு சென்டிமீட்டர் தவறினால் பின்னால் வரும் சதவீதங்கள் எல்லாம் தவறும்.

எவ்வளவு காற்று என்பது ஒரு கேள்வி. எவ்வளவு வேகமாக என்பது இன்னொன்று. முதல் ஒரு நொடியில் வெளிவரும் காற்றை மட்டும் தனியே அளக்கலாம் என்று பாரிஸில் டிஃப்னோ என்பவர் சொன்னது 1947-இல்தான், ஹட்சின்சனுக்கு நூறு ஆண்டுகள் கழித்து. இன்று அறிக்கைத் தாளில் எஃப்.வி.சி. என்று இருப்பது முழுக்க ஊதித் தள்ளிய மொத்தக் காற்று, எஃப்.இ.வி.1 என்று இருப்பது முதல் நொடிக் காற்று. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது விகிதம். இந்த மூன்றும் புரிந்தால் ஸ்பைரோமெட்ரி அறிக்கையில் பெரும்பகுதி புரிந்த மாதிரி.

கற்பனையாக ஒரு எட்டு வயதுச் சிறுமியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1.50 லிட்டர் ஊதுகிறாள். அதில் முதல் நொடியில் வந்தது 1.05 லிட்டர். விகிதம் 70 சதவீதம். பிறகு ஸ்பேசர் என்ற இன்ஹேலர் பொருத்தும் குடுவை வழியாக, குழலைத் திறக்கும் நீல இன்ஹேலர் மருந்தான சால்பியூட்டமால் நான்கு பஃப் கொடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்கிறார்கள். இப்போது முதல் நொடியில் 1.28 லிட்டர். மொத்தக் காற்று ஏறக்குறைய அதேதான், அது வெளியேறும் வேகம்தான் கூடியிருக்கிறது. 0.23 லிட்டர் ஏற்றம் என்பது அவளுடைய முதல் அளவில் 22 சதவீதம். பிள்ளைகளிடம் பொதுவாக 12 சதவீத ஏற்றத்தையே பொருட்படுத்துகிறார்கள். மருந்துக்குக் குழல் இப்படித் திறக்கிறது என்றால், அது நிரந்தரமாகக் குறுகிய குழல் அல்ல, இறுகித் தளரும் குழல். ஆஸ்துமாவின் கையெழுத்து அதுதான்.

தாளில் எண்களோடு ஒரு வளைகோடும் இருக்கும். நல்ல நுரையீரலில் அது செங்குத்தாக ஏறி, பிறகு கிட்டத்தட்ட நேர்கோடாகச் சரியும். குழல் குறுகிய பிள்ளையின் கோடு ஏறியவுடனே, ஈரத்துணி காயும் கொடிக்கயிறு போல நடுவில் தொய்ந்துவிடும். அனுபவமுள்ள மருத்துவர்கள் எண்ணைப் பார்க்கும் முன் இந்தத் தொய்வைத்தான் பார்க்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஏன் தனிக் கணக்கு

பெரியவர்களுக்கு விகிதம் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அடைப்பு என்று ஓர் எளிய விதி உண்டு. அதைக் குழந்தைக்குப் போடக் கூடாது. சின்ன நுரையீரல் சீக்கிரம் காலியாகிவிடும். ஆரோக்கியமான பள்ளிப் பிள்ளைகளுக்கு விகிதம் 90-ஐ ஒட்டியே இருக்கும். நான்கைந்து வயதுக் குழந்தைகளில் சிலர் ஒரு நொடிக்குள்ளேயே எல்லாவற்றையும் ஊதித் தீர்த்துவிடுவார்கள். அவர்களுக்கு முக்கால் நொடி, அரை நொடிக் காற்றைத்தான் பார்க்க வேண்டும். 78 சதவீதம் என்று வந்த ஒரு குழந்தையிடம், பெரியவர் விதியை மனதில் வைத்துக்கொண்டு “எல்லாம் நார்மல்” என்று சொல்லி அனுப்பினால் அது பிழை. இந்தப் பிழை நடப்பதுண்டு.

நார்மல் என்பதை எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்பதும் ஒரு கதை. 2012-இல் உலக நுரையீரல் செயல்பாட்டு முயற்சி என்ற கூட்டமைப்பு, 26 நாடுகளிலிருந்து 74,187 ஆரோக்கியமானவர்களின் அளவுகளைத் திரட்டி, 3 வயது முதல் 95 வயது வரைக்குமான ஒப்பீட்டுச் சூத்திரங்களை வெளியிட்டது. ஆனால் அதில் மக்களைப் பிரித்த முக்கிய இனப் பிரிவுகள் எதிலும் இந்தியர்களுக்கென்று இடமில்லை. இனப் பிரிவே வேண்டாம் என்று பொதுவான ஒரு சூத்திரம் 2022-இல் வந்தது. இதற்கெல்லாம் முன்பே, 2000-ஆம் ஆண்டு வாக்கில், சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் 7 முதல் 19 வயது வரையிலான தென்னிந்தியப் பிள்ளைகளை ஊதவைத்து நமக்கென்று ஓர் ஒப்பீட்டுக் கணக்கை வெளியிட்டிருக்கிறார்கள். எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் ஒன்று நினைவிருக்கட்டும். “நார்மலின் கீழ்எல்லை” என்று தாளில் இருப்பது, நூறு ஆரோக்கியமான பிள்ளைகளில் ஐந்து பேர் தாமாகவே கீழே விழும்படி போட்ட கோடு. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே என்பது தீர்ப்பு ஆகாது.

மறுபக்கமும் உண்டு. கோட்டுக்கு மேலே இருந்தால் நோய் இல்லை என்பதும் தீர்ப்பு ஆகாது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக எட்டு மையங்களில் 1993-இல் தொடங்கிய ‘கேம்ப்’ ஆய்வில், 5 முதல் 12 வயது வரையிலான 1,041 ஆஸ்துமாப் பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். அத்தனை பேருக்கும் ஆஸ்துமா உறுதி. ஆனாலும் சேரும்போது அவர்களுடைய முதல் நொடிக் காற்றின் சராசரி, எதிர்பார்க்கும் அளவில் ஏறக்குறைய 94 சதவீதம். தாளை மட்டும் பார்த்தால் பெரும்பாலோர் நலமானவர்கள். நோய் ஏறி இறங்கும். சோதனை நடப்பதோ நல்ல நாளில். இரவு இரண்டு மணிக்கு இளைத்த குழந்தையை மறுநாள் பதினொரு மணிக்குக் கூட்டிப்போனால் அவள் லேப் வராந்தாவில் ஓடிக்கொண்டிருப்பாள். சந்தேகம் தீராதபோது ஆறு முதல் எட்டு நிமிடம் ஓடவிட்டு மறுபடி ஊதச் சொல்வதும், மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்சைடை அளப்பதும் உண்டு. வீட்டில் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற பிளாஸ்டிக் குழலில் காலையும் மாலையும் ஊதி, இரண்டு வாரம் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவரச் சொல்வதும் உண்டு. 1959-இல் மார்ட்டின் ரைட் வடிவமைத்த கனத்த உலோகக் கருவியின் பேரப்பிள்ளைதான் இந்தக் குழல். நுட்பம் குறைவு, ஆனால் நோயின் ஏற்ற இறக்கத்தைக் கூடவே இருந்து பார்க்கிறது.

ஊதத் தெரியாத மூன்று நான்கு வயதினருக்கு ஆசிலோமெட்ரி என்ற சோதனை இருக்கிறது. குழந்தை சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். கருவி மெல்லிய அதிர்வலைகளை வாய் வழியே அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு தடையைக் கணக்கிடும். கன்னம் அதிர்ந்தால் கணக்குக் கெடும் என்பதால் அம்மா இரண்டு கைகளாலும் குழந்தையின் கன்னங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சோதனையைப் பார்த்தால் யாரோ குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

டூசானில் பிறந்த 1,246 குழந்தைகள்

இனி பாட்டியின் வாக்கியத்துக்கு வருவோம். அமெரிக்காவின் ஆரிசோனா மாநிலத்தில் டூசான் என்ற பாலைவன நகரம். அங்கே 1980 முதல் 1984 வரை பிறந்த 1,246 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே பின்தொடர ஆரம்பித்தார்கள். நோயாளிகளைத் தேடிச் சேர்க்கவில்லை, பிறந்த குழந்தைகளைச் சேர்த்தார்கள் என்பதுதான் இதன் பலம். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்திருந்தால், வீட்டிலேயே சரியாகிப்போனவர்கள் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள்.

கைக்குழந்தையை எப்படி ஊதச் சொல்வது? அவர்களில் ஒரு பகுதியினருக்கு முதல் மாதங்களிலேயே, எந்த நெஞ்சுச் சளியும் வருவதற்கு முன்பே, ஒரு சோதனை செய்தார்கள். தூங்கும் குழந்தைக்குக் காற்றடைக்கும் ஒரு மேற்சட்டையை அணிவிப்பார்கள். மூச்சை இழுத்து முடித்த கணத்தில் சட்டை சட்டென்று உப்பி மார்பையும் வயிற்றையும் அழுத்தும். முகத்தில் வைத்த மாஸ்க் வழியாக வெளிவரும் காற்றின் வேகத்தை அளப்பார்கள். குழந்தைக்குப் பதில் சட்டை ஊதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வயது வரையிலான முடிவுகளை, 826 பிள்ளைகளை வைத்து, ஃபெர்னாண்டோ மார்ட்டினெஸும் சகாக்களும் 1995-இல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 52 சதவீதம் பேருக்கு வீசிங் வந்ததே இல்லை. 20 சதவீதம் பேருக்கு மூன்று வயதுக்குள் வந்து, ஆறு வயதில் இல்லை. 15 சதவீதம் பேருக்கு மூன்று வயது வரை இல்லாமல், ஆறு வயதில் இருந்தது. மீதி 14 சதவீதம் பேருக்கு அப்போதும் இருந்தது, பிறகும் இருந்தது. மூன்று வயதுக்குள் இளைத்த பிள்ளைகளை மட்டும் எடுத்தால், பத்துக்கு ஆறு பேருக்கு ஆறு வயதில் இளைப்பு இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது “நான்தான் சொன்னேனே” என்றார்.

ஆனால் சட்டை ஊதிய கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் இந்த ஆய்வு பாடப்புத்தகத்துக்குள் போனது. வந்து போன வீசிங்காரர்கள், இளைப்பு வருவதற்கு முன்பே, கைக்குழந்தையாக இருக்கும்போதே மற்றவர்களைவிட மெதுவாகக் காற்றை வெளியேற்றியவர்கள். அதாவது பிறவியிலேயே குறுகிய குழல். கர்ப்ப காலத்தில் புகைபிடித்த தாய்மார்கள் இவர்களிடையே அதிகம். தாய்வழி ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ அதிகமில்லை. வளரும்போது குழலும் பெரிதாகிறது, ஒலி நின்றுவிடுகிறது. தொடர்ந்து இளைத்தவர்களின் கதை நேர்மாறு. முதல் ஆண்டில் அவர்களுடைய அளவு நன்றாகவே இருந்தது. ஆறு வயதில் குறைந்திருந்தது. தாய்க்கு ஆஸ்துமா, ரத்தத்தில் ஒவ்வாமை அடையாளம் என்பவை இவர்களிடம்தான் கூடுதல். பிறந்தபோது இருந்ததை இடையில் ஐந்து ஆண்டுகளுக்குள் இழந்திருக்கிறார்கள்.

காதுக்கு ஒரே விசில் ஒலி, உள்ளே இரண்டு வேறு வழக்குகள். இதனால்தான் இரண்டு வயதுக் குழந்தைக்கு “இது ஆஸ்துமாவா?” என்று கேட்டால் நல்ல மருத்துவர் நேரடியாகப் பதில் சொல்லத் தயங்குகிறார். அந்தக் குழந்தை எந்தக் கூட்டம் என்பது திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். ஊகிக்க உதவும் ஒரு குறியீட்டையும் டூசான் குழுவே 2000-இல் தந்தது. அடிக்கடி இளைக்கும் குழந்தையின் பெற்றோருக்கு ஆஸ்துமா உண்டா, குழந்தைக்குத் தோல் கரப்பான் உண்டா, சளி பிடிக்காத நாளிலும் இளைக்கிறதா என்பன போன்ற கேள்விகள் அதில் வரும். மருத்துவர் உங்கள் குடும்ப வரலாற்றைத் துருவித் துருவிக் கேட்பது பொழுதுபோக்குக்கு அல்ல.

இன்னொரு திருப்பமும் உண்டு. 16 வயதுவரை பின்தொடர்ந்தபோது, ஊதும் அளவில் ஆறு வயதில் யார் எந்தப் படியில் நின்றார்களோ, பெரும்பாலும் அதே படியில்தான் நின்றார்கள். பிறந்தபோது மிகக் குறைவாக இருந்தவர்கள் 22 வயதிலும் பின்தங்கியே இருந்தார்கள். இளைப்பு நின்றுபோனது உண்மை, எண் ஏறவில்லை என்பதும் உண்மை. பாட்டி கேட்டது ஒலியை. கருவி பார்த்தது குழலை.

கேம்ப் பிள்ளைகளில் 684 பேரை இருபதுகளின் நடுப்பகுதி வரை தொடர்ந்து ஊதவைத்தார்கள். 2016-இல் வந்த கணக்கு: கால்வாசிப் பேருக்குத்தான் நுரையீரல் இயல்பாக வளர்ந்து இயல்பாக முதிர்ந்தது. மற்றவர்களில் சிலருக்கு வளர்ச்சி குறைவு, சிலருக்குச் சரிவு சீக்கிரமே தொடக்கம், சிலருக்கு இரண்டும். 11 சதவீதம் பேருக்கு அந்த வயதிலேயே, பீடி சிகரெட் பிடித்த முதியவர்களிடம் பார்க்கும் நாட்பட்ட அடைப்பு நோய்க்கான அளவு வந்துவிட்டது. நுரையீரல் இருபது, இருபத்தைந்து வயது வரை வளர்கிறது, பிறகு எல்லோருக்கும் மெல்லக் குறைகிறது. உச்சியை எட்டாமலே இறங்கத் தொடங்குகிறவருக்குக் கையிருப்பு குறைவு.

அப்படியானால் மருந்து இந்தத் தடத்தை மாற்றுமா? எனக்கே ஏமாற்றமாக இருந்த பதில் இது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டை நான்கு முதல் ஆறு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த கேம்ப் ஆய்வில், நுரையீரல் வளர்ச்சி மருந்தில்லாதவர்களைவிட மேம்படவில்லை. இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் 285 பேருக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்து மூன்றாம் ஆண்டு நிறுத்திப் பார்த்த 2006-ஆம் ஆண்டு ஆய்விலும், நிறுத்தியதும் பலன் கரைந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு “அப்போது இன்ஹேலர் எதற்கு?” என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. அதே கேம்ப் ஆய்வில் அந்த மருந்து எடுத்தவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தது 43 சதவீதம் குறைவு. தூக்கம், பள்ளி, விளையாட்டு, சில சமயம் உயிர் என்று அந்த எண்ணுக்குள் பல இருக்கின்றன. வளர்ச்சி குன்றும் என்ற பயத்துக்கும் அதே ஆய்வில் அளவு இருக்கிறது. வளர்ந்தபின் உயரத்தில் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. மறைக்கவேண்டிய விஷயமில்லை, தராசில் வைக்கவேண்டிய விஷயம். இளைப்பு வந்தால் மட்டும் நீல இன்ஹேலர், மற்ற நாளில் ஒன்றுமில்லை என்ற பழக்கத்தை, 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு 2019-இலிருந்து உலக ஆஸ்துமா வழிகாட்டி நெறிமுறையே கைவிடச் சொல்கிறது.

தடம் மாறியதற்கு நல்ல சான்று கிடைத்தது மருந்துக் கடையில் அல்ல, வெளிக்காற்றில். தெற்குக் கலிஃபோர்னியாவில் 1990-களிலிருந்து வாகன, தொழிற்சாலை விதிகள் இறுகி மாசு குறைந்துகொண்டே வந்தது. அந்தக் காலத்தில் 11 முதல் 15 வயது வரை வளர்ந்த, அடுத்தடுத்த மூன்று தொகுதி மாணவர்களை ஊதவைத்துப் பார்த்தார்கள். 15 வயதில் முதல் நொடிக் காற்று மிகக் குறைவாக இருந்தவர்களின் பங்கு 7.9 சதவீதத்திலிருந்து 6.3-க்கும், பிறகு 3.6-க்கும் இறங்கியது. ஆஸ்துமா உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பிலும் வளர்ச்சி கூடியது.

தங்கை மகள் அன்று ஐந்தாவது முறையில் சரியாக ஊதினாள். டெக்னீஷியன் மெழுகுவத்தியை மாற்றி, பந்து உருண்டுபோய்க் கட்டைகளைத் தட்டும் விளையாட்டைப் போட்டார். பந்து போய்ச் சேர நீளமாக ஊதியாக வேண்டும், அந்தத் தந்திரம் பலித்தது. அடுத்த முறைக்காகத் தங்கையிடம் சில விஷயங்களைச் சொன்னேன். சோதனைக்கு முன் நான்கு முதல் ஆறு மணி நேரம் நீல இன்ஹேலர் தவிர்க்க முடிகிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள். மூச்சு முட்டினால் கேட்டுக்கொண்டிருக்காதே, கொடுத்துவிடு. கடைசியாக எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தாய் என்பதைத் தாளின் ஓரத்தில் எழுதிவை. அன்றைய உயரத்தையும் எழுது. ஒரு தாளைத் தனியாகப் பார்ப்பதைவிட, போன ஆண்டுத் தாளையும் இந்த ஆண்டுத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அவள் தன் தடத்தில் நிற்கிறாளா, நழுவுகிறாளா என்று தெரியும். அறிக்கை வழவழப்பான தெர்மல் தாளில் வந்தால் அன்றைக்கே நகல் எடுத்துவிடு. பஸ் டிக்கெட் போல அடுத்த ஆண்டுக்குள் எழுத்து மங்கிவிடும்.